ஆடியில் பூட்டிய மண்டபம், ஆவணியில் வரும் பில்

ஆடி பிறந்துவிட்டால் திருக்கழுக்குன்றத்துக் கல்யாண மண்டபங்களில் பந்தக்கால் பேச்சே இருக்காது. ஆடிப்பூரத்துக்குத் தாழக்கோயிலில் கூட்டம் நெரியும், சங்கு தீர்த்தக் கரையில் நடமாட்டம் இருக்கும், மண்டபத்து கேட்டில் மட்டும் பூட்டுத் தொங்கும். புரட்டாசியும் மார்கழியும் பெரும்பாலும் அப்படியே கழியும். அந்த மாதங்களுக்கான கரண்ட் பில் கைக்கு வந்ததும் எல்லா உரிமையாளரும் கேட்பது ஒரே கேள்வி: ஒரு பல்புகூட எரியவில்லையே, இவ்வளவு எப்படி வந்தது? கிழக்கே மாமல்லபுரம் வரையிலும், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகவும், விடுமுறைக்கு மட்டும் திறக்கிற பீச் ஹவுஸ்காரர்களுக்கும் இதே கேள்வி உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பதால் பொங்கலுக்கு மட்டும் திறக்கப்படுகிற செங்கல்பட்டுப் பக்கத்துப் பூர்வீக வீடுகளுக்கும் உண்டு. இதற்கு ஊரில் மூன்று பதில்கள் தயாராக இருக்கின்றன. மீட்டர் கோளாறு, பக்கத்து வீட்டுக்காரன் கரண்ட் எடுக்கிறான், ஈபியில் கணக்கை மாற்றி எழுதுகிறார்கள். மூன்றும் நடக்கக்கூடியவைதான். ஆனால் இப்படிப்பட்ட பில்களை வரிவரியாகப் பிரித்துப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவு வேறு. பூட்டிய கட்டடத்தின் பில் இரண்டே விஷயங்களால் ஆனது: வருடம் முழுக்க நிற்காத மணிக்கணக்கு ஒன்று, நம் பெயரில் ஒதுக்கி வைத்த கிலோவாட் இன்னொன்று. வீட்டு இணைப்பில் முதலாவதும் மண்டபத்தில் இரண்டாவதும் பில்லை ஏற்றுகின்றன. இந்த இரண்டையும் பார்க்காமல் மீட்டரைத் திட்டுவதில் பயனில்லை.

மணிக்கணக்கிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 60 நாள் என்றால் 1,440 மணி நேரம். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பது பள்ளிப் பாடம். அப்படியானால் 100 வாட் இழுக்கிற எதுவும் நிற்காமல் இருந்தால் அந்த ஒரு சுற்றில் 144 யூனிட் ஆகிவிடும். 70 வாட்டே 100 யூனிட்டைத் தொட்டுவிடும். 2016 மே மாதத்தில் வீடுகளுக்கு அறிவித்த இலவச அளவு அந்த 100 யூனிட்தான். ஆள் இருக்கிற வீட்டில் அயர்ன் பாக்ஸும் மிக்ஸியும் மோட்டாரும் அதிகம் இழுக்கிறவையாகக் கண்ணில் படும்; அவை நிமிடக் கணக்கில் ஓடி நின்றுவிடுகிறவை. பூட்டிய வீட்டில் அவை எதுவும் இல்லை. நிற்காமல் ஓடுகிற சின்னச் சின்ன விஷயங்களே மிச்சம், அவற்றைத் தடுக்கவோ கவனிக்கவோ ஆள் கிடையாது. "நாங்கள்தான் இல்லையே" என்று உரிமையாளர் சொல்கிற அதே காரணத்தால்தான் பில் ஏறுகிறது.

கடலோரத்தில் ஓரளவு வசதியான ஒரு பீச் ஹவுஸை மனக்கணக்காக எடுத்துக்கொள்வோம். நான்கு கேமராவும் பதிவுப் பெட்டியும் 40 வாட். காலியாக இருந்தாலும் ஓடுகிற ஃப்ரிட்ஜ், நின்று நின்று ஓடுவதால் சராசரி 25. கேமரா படத்தைச் செல்போனுக்கு அனுப்ப வேண்டிய ரவுட்டர் 10. பாட்டரி நிரம்பிய பிறகும் உறிஞ்சிக்கொண்டிருக்கும் இன்வெர்ட்டர் 25. ஸ்விட்ச் போட்டபடி விட்டுப்போன கீசர், தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்கும் வேலைக்காகச் சராசரி 30. தோட்ட விளக்குகள் இரவில் மட்டும் எரிந்தால் சராசரி 30. டிவி, செட்டாப் பாக்ஸ், ரிமோட்டுக்காகக் காத்திருக்கும் ஏசி எல்லாம் சேர்ந்து 10. மொத்தம் 170 வாட். இரண்டு பழைய குண்டு பல்புகளின் அளவு, அவ்வளவுதான். 1,440 மணி நேரத்தால் பெருக்கினால் 245 யூனிட். 2022 செப்டம்பர் 10-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த வீட்டுக் கட்டணத்தில் இதற்கு ஏறத்தாழ 428 ரூபாய். இதுவரை யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். இப்போது இந்த வீட்டில் நீச்சல் குளம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பச்சை பிடிக்காமல் இருக்க வடிகட்டும் பம்ப் டைமரில் தினம் ஆறு மணி நேரம் ஓடுகிறது. மணிக்கு ஒரு யூனிட் வீதம் 360 யூனிட். மொத்தம் 605. பில் 2,795 ரூபாய். பயன்பாடு இரண்டரை மடங்குகூட ஆகவில்லை, தொகை ஆறரை மடங்கு ஆகிவிட்டது.

இந்தத் தாவலுக்குக் காரணம் கட்டண அட்டவணையின் அமைப்பு. 2022 வீதப்படி இரண்டு மாதத்தில் 500 யூனிட் வரை போனால் ஒரு கணக்கு: முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.25, பிறகு 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். கூட்டினால் 1,725. ஐந்நூறைத் தாண்டினால் வேறு கணக்கு: 101 முதல் 400 வரை எல்லாமே 4.50, அடுத்த 100-க்கு 6, அதற்குமேல் 8, 9, 10, 11 என்று ஏறிக்கொண்டே போகும். ஆக 500-வது யூனிட்டில் 1,725 ஆக இருந்த பில் 501-வது யூனிட்டில் 1,958 ஆகிறது. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். 2024 ஜூலையில் வீதங்கள் மறுபடி உயர்ந்தன; பில்லை எடுத்துப் பார்ப்பவர்கள் அந்தந்தக் கால வீதத்தைப் போட்டுக்கொள்ளட்டும், இந்த ஏணியின் படிகளைப் புரிந்துகொள்ள 2022 எண்களே போதும். பூட்டிய வீட்டில் எதை அணைப்பது என்று யோசிக்கிறவர் வாட் அளவை மட்டும் பார்க்கக் கூடாது, தன் வீடு எந்தப் படியில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 245 யூனிட் வீட்டில் இன்வெர்ட்டரை நிறுத்தினால் மிச்சமாகும் 36 யூனிட்டின் மதிப்பு 162 ரூபாய்தான். 530 யூனிட்டில் நிற்கும் வீட்டில் அதே 36 யூனிட்டின் மதிப்பு ஐந்நூறுக்குப் பக்கம்.

ஒழுகும் குழாய் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிளம்பர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள்: ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறது, ஆட்டோமேட்டிக் மோட்டார் போட்டுப் போட்டு நிரப்புகிறது, அதனால்தான் பில். கணக்குப் போட்டால் இது நிற்காது. மணிக்கு 20 லிட்டர் ஒழுகினாலும் நாளைக்கு 480 லிட்டர். சாதாரண ஒரு குதிரைத்திறன் மோட்டார் அதைப் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடும். இரண்டு மாதத்துக்குப் பத்து யூனிட் தேறினால் அதிகம். தண்ணீர் வீணாவது உண்மை, பில்லுக்குக் காரணம் அதுவாக இருக்காது. அதே மோட்டாரில் ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் போர் வற்றுகிறது. மேலே டேங்க் நிரம்பாததால் ஆட்டோமேட்டிக் கருவி மோட்டாரை நிறுத்தச் சொல்லாது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்துகிற தனிப் பாதுகாப்பு இல்லையென்றால் மோட்டார் காயில் எரிகிறவரை இரவும் பகலும் ஓடும். நாளைக்கு 24 யூனிட். ஒரு வாரத்திலேயே 168. மோட்டார் எரிந்ததும் தடயமும் போய்விடும், பில் மட்டும் நிற்கும். காலியாகக் கிடக்கும் வீட்டில் மோட்டாரை ஆட்டோவில் விட்டுப் போவதற்கு நல்ல காரணம் ஒன்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

மீட்டர் கோளாறு என்று சொல்கிறவர்களுக்குச் செலவில்லாத ஒரு பரிசோதனை இருக்கிறது. இப்போதைய எலக்ட்ரானிக் மீட்டர்களின் முகப்பில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்கும்; அதன் பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். ஒற்றை பேஸ் மீட்டரில் பெரும்பாலும் 3,200. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுச் சில நிமிடங்கள் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அணைத்த பிறகும் மினுக்கினால் மீட்டரிலோ, மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவே யாராவது இழுத்த ஒயரிலோ தவறு. அப்போது ஈபி ஆபீஸில் மீட்டர் சோதனைக்கு எழுதிக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். மினுக்கு நின்றுவிட்டால் மீட்டரின் மேல் போட்ட பழியை எடுத்துவிடலாம். பிறகு மெயினைப் போட்டு, எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டதாக நினைக்கிற நிலையில், ஒரு மினுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 3,200 மினுக்கு மீட்டரில் 1,125-ஐ அந்த நொடியால் வகுத்தால் அந்த நேரத்தில் ஓடும் வாட் கிடைக்கும். பத்து நொடிக்கு ஒன்று என்றால் 112 வாட், இரண்டு மாதத்துக்கு 162 யூனிட். ஒவ்வொரு எம்சிபியாக இறக்கிக்கொண்டே போனால் எதை இறக்கும்போது இடைவெளி நீள்கிறதோ அந்த லைனில்தான் வேலை. எலக்ட்ரீஷியனை அழைக்கும் முன்பே பாதித் துப்பு கிடைத்துவிடும். பழைய தட்டுச் சுழலும் மீட்டர்களில் தேய்மானத்தால் சின்ன லோடுக்குத் தட்டு நகராமலே இருந்திருக்கும். மீட்டர் மாற்றியதும் பில் ஏறிவிட்டது என்கிற புகார்களில் ஒரு பகுதி அந்தப் பழைய சலுகை போனதால் வருவது.

கடலோரத்துக்கென்றே ஒரு தனிக் காரணம் உண்டு. உப்புக் காற்று ஒயர் முனைகளையும் ஜங்ஷன் பாக்ஸ்களையும் தோட்ட விளக்குகளின் உள்பக்கத்தையும் அரித்துவிடுகிறது. ஈரத்தில் கரண்ட் பூமிக்குக் கசிகிறது. எதுவும் எரியாது, ஷாக்கும் எல்லா நேரமும் தெரியாது, மீட்டர் மட்டும் பதிந்துகொண்டிருக்கும். போகிற ஒயரிலும் திரும்புகிற ஒயரிலும் எது அதிகமோ அதைக் கணக்கில் எடுக்கும் விதமாக மீட்டர்கள் வருவதால் கசிவும் பயன்பாடாகவே பதிவாகும். ஒரு ஆம்பியர் கசிந்தால் 230 வாட், இரண்டு மாதத்தில் 331 யூனிட். 30 மில்லி ஆம்பியரில் விழுகிற ஆர்சிசிபி போட்டிருந்தால் இந்த அளவு கசிவதற்குள் லைன் அறுந்துவிடும். அந்தக் கருவி அனுமதிக்கிற உச்சக் கசிவே ஏழு வாட்தான். உயிர் காக்க என்று சொல்லி விற்கப்படும் பொருள் பில்லையும் காக்கிறது. அது அடிக்கடி விழுகிறது, தொல்லை என்று அதைத் தாண்டி ஒயர் கொடுத்துவிட்டுப் போகிற எலக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். அடிக்கடி விழுகிறதென்றால் கசிவு இருக்கிறது என்றுதான் அர்த்தம். புயல் நாள்களின் விளைவும் இங்கேயே சேரும். 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரம் பக்கம்தான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட நாள்களில் கரண்ட் போய்த் திரும்பி வரும்போது, ஆட்டோ ரீஸ்டார்ட் உள்ள ஏசியும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்த மோட்டாரும் கரண்ட் போகும் முன் எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலைக்குத் தாமாகவே போகின்றன. அவசரமாக வீட்டைக் காலி செய்தவர் ஏசியை ரிமோட்டில் அணைத்தாரா, கரண்ட் போனதால் நின்றதை அணைத்ததாக நினைத்துக்கொண்டாரா என்பது அடுத்த பில்லில் தெரியும்.

இவ்வளவு ஏன், மெயினை இறக்கிவிட்டுப் போனால் முடிந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பூர்வீக வீட்டுக்கு அதுவே சரியான வழி. ஆனால் திருட்டுப் பயத்தால் கேமரா வேண்டும் என்பவரிடமும், வாட்ச்மேன் குடும்பம் பின்கட்டில் இருக்கும் மண்டபத்திலும் அது நடக்காது. மெயினை இறக்கும்போது இன்வெர்ட்டரின் ஸ்விட்சை அணைக்காமல் விட்டால் அது பாட்டரியிலிருந்து ரவுட்டரையும் விளக்கையும் ஓட்டிப் பாட்டரியை முழுக்க வடித்துவிடும்; அப்படி வாரக்கணக்கில் வற்றிக் கிடந்த பாட்டரி திரும்பத் தேறுவது கஷ்டம், பில்லில் மிச்சம் பிடித்ததைப் போல் பல மடங்கு அங்கே போய்விடும். அதனால் நான் சொல்வது இது: வீட்டுப் பலகையில் பூட்டும்போது இருக்க வேண்டியவைக்கு, அதாவது கேமரா, ரவுட்டர், ஒரு வாசல் விளக்கு, தேவையானால் வாட்ச்மேன் அறை, இவற்றுக்கு மட்டும் தனி எம்சிபி, மற்ற அனைத்தும் ஒரே ஐசொலேட்டரின் கீழ். கிளம்பும்போது ஒன்றே ஒன்றை இறக்கினால் போதும். பத்து ஸ்விட்சை நினைவு வைத்து அணைக்கச் சொல்கிற எந்த ஏற்பாடும், விடுமுறை முடிந்து கிளம்பும் அவசரத்தில் தோற்றுவிடும். ஃப்ரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவைத் திறந்தே விட்டுப் போவது இதோடு சேர்ந்த வேலை. மூடிவிட்டால் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பயத்தில்தான் பலர் அதை ஓடவே விடுகிறார்கள்.

மண்டபங்களுக்கு வந்தால் இந்தக் கணக்கெல்லாம் பின்னுக்குப் போய்விடுகிறது. கல்யாண மண்டபம் வணிக இணைப்பு. யூனிட் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணத்தை வீட்டு இணைப்புக்கு 2022-இல் எடுத்துவிட்டார்கள். வணிகத்துக்கு அதை ஏற்றினார்கள். அனுமதிக்கப்பட்ட லோடு 50 கிலோவாட் வரை என்றால் ஒரு கிலோவாட்டுக்கு மாதம் 100 ரூபாய். 50-க்கு மேல் 112 வரை என்றால் கிலோவாட்டுக்கு 300. அதற்கு மேல் 550. அந்த வீதத்தில் ஒரு 40 கிலோவாட் மண்டபம் ஆடியில் ஒரு விளக்கும் ஏற்றாமல் இருந்தாலும் இரண்டு மாதச் சுற்றுக்கு 8,000 ரூபாய், வரி தனி. இது எதிர்பார்க்கக்கூடியது. 55 கிலோவாட் மண்டபத்துக்கு எவ்வளவு? 33,000. மேல் படியின் வீதம் முழு லோடுக்கும் பொருந்துவதால் இந்தப் பாய்ச்சல். 50 கிலோவாட் மண்டபம் 10,000 கட்டும்போது, ஐந்து கிலோவாட் கூடுதலாக எழுதி வாங்கிய மண்டபம் சுற்றுக்கு 23,000 அதிகம் கட்டுகிறது, வருடத்துக்கு 1,38,000. வீதங்கள் பிறகு இன்னும் ஏறியிருக்கின்றன. பூட்டிய மண்டபத்தின் பில்லைப் பார்த்து அதிர்ந்து எந்த விளக்கு எரிந்தது என்று தேடுகிறவர்கள், அந்தத் தாளில் யூனிட் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் லோடு எண்ணைப் பார்ப்பதே இல்லை.

பயன்படுத்தாததற்கு எதற்குக் காசு என்பது அடுத்த வாதம். அதிலும் இந்தப் பகுதிக்காரர்கள் ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்கள்: கூப்பிடு தூரத்தில் கல்பாக்கம், 1984-லிருந்து அங்கே மின்சாரம் உற்பத்தியாகிறது, நமக்கு ஏன் இந்த விலை? கல்பாக்கத்தின் 220 மெகாவாட் அலகுகளுடைய மின்சாரம் தென்மாநில மின்கட்டத்துக்குள் போகிறது, வேலிக்கு வெளியே இருக்கிற ஊருக்குத் தனிக் குழாய் கிடையாது. அந்த வாதத்தை அத்தோடு விட்டுவிடலாம். முதல் வாதத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். மண்டபத்துக்கு வைகாசி முகூர்த்த நாளில் 50 கிலோவாட் ஒரே நேரத்தில் வேண்டும். அதற்கான டிரான்ஸ்பார்மரும் கம்பியும் ஆடியிலும் அங்கேயேதான் நிற்கின்றன. மின் வாரியம் உற்பத்தியாளர்களிடம் வாங்குகிற மின்சாரத்திலும் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைச் செலவு ஒரு பெரிய பங்கு. கல்யாணச் சமையல்காரரிடம் அண்டாவை வாடகைக்கு எடுத்தவர், சாம்பார் பாதிதான் வைத்தேன் என்று பாதி வாடகை கொடுக்க முடியாது. ஆகவே நிலைக் கட்டணம் என்கிற கொள்கையை நான் எதிர்க்கவில்லை. அதன் படிகள் செங்குத்தாக இருப்பதைத்தான் எதிர்க்கிறேன். 50-வது கிலோவாட்டுக்கும் 51-வதுக்கும் இடையே வாரியத்தின் செலவு மூன்று மடங்கு ஆகிவிடுவதில்லை. சிறுதொழில் செய்கிறவர்கள் 2022-க்குப் பிறகு நிலைக் கட்டணத்தை எதிர்த்துப் போராடியபோதும் இதைத்தான் சொன்னார்கள். மண்டபக்காரர்கள் குரல் அதில் அவ்வளவாகக் கேட்கவில்லை. கட்டணத்தை முகூர்த்த வாடகையில் ஏற்றிவிடலாம் என்பதால் இருக்கலாம்.

பூட்டிய கட்டடத்திடம் எவ்வளவு வாங்கலாம் என்ற கேள்வி 2020-இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஊரடங்கில் ரீடிங் எடுக்க ஆள் போக முடியாததால் முந்தைய சுற்றின் தொகையையே கட்டச் சொன்னார்கள். மண்டபத்தின் நிலையிலிருந்து இதைப் பாருங்கள்: முந்தைய சுற்று என்பது தையும் மாசியும், முகூர்த்தங்கள் நிறைந்த காலம், கட்டச் சொன்னதோ ஒரு கல்யாணமும் நடக்காத காலத்துக்கு. வீடுகளில் நான்கு மாத ரீடிங்கை இரண்டாகப் பிரித்து, ஏற்கெனவே கட்டிய தொகையைக் கழித்தார்கள். தொகையைக் கழிக்கக் கூடாது, அந்தத் தொகைக்குரிய யூனிட்டைக் கழிக்க வேண்டும் என்று பொதுநல வழக்கு போனது. சென்னை உயர் நீதிமன்றம் ஜூலையில் அதைத் தள்ளுபடி செய்தது. உயர் அழுத்த இணைப்பு வைத்திருந்த ஆலைகளின் வழக்கில் வேறு முடிவு வந்தது. வழக்கமாக அவர்கள் ஒப்பந்த லோடில் 90 விழுக்காட்டுக்காவது கட்டணம் கட்ட வேண்டும். ஊரடங்கில் மூடிக் கிடந்த காலத்துக்கு 20 விழுக்காடு அல்லது பதிவான அளவு, எது அதிகமோ அதை வாங்கினால் போதும் என்று ஆகஸ்டில் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். இதை வைத்துக்கொண்டு ஆடிக்கும் சலுகை கேட்கலாமே என்று தோன்றும். முடியாது. அது அரசு உத்தரவால் மூடியது, இது பஞ்சாங்கத்தால் மூடுவது. வருடா வருடம் வரும் என்று தெரிந்த மூடலுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வதுதான் உரிமையாளரின் வேலை.

அந்த ஏற்பாடு லோடைக் குறைப்பது. மண்டபம் கட்டும்போது ஏசி, லிஃப்ட், கிரைண்டர், லைட்டிங் எல்லாவற்றையும் கூட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் சேர்த்து எழுதி வாங்கிவிடுகிறார்கள். எல்லாம் ஒரே நொடியில் ஓடுவதில்லை. உண்மையில் எவ்வளவு ஓடியது என்பதை மீட்டரே பதிந்து வைத்திருக்கும். திரையில் மாறி மாறி வரும் எண்களில் கேடபிள்யூ என்று காட்டும் உச்சத் தேவையை, நல்ல முகூர்த்த மாதங்கள் முடிந்ததும் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். தை முதல் ஆனி வரை அந்த எண் 43-ஐத் தாண்டவில்லை என்றால் 55 வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. 50-க்குக் குறைக்க விண்ணப்பிக்கலாம். ஓரிரு ஆடம்பரக் கல்யாணத்தில் மட்டும் 50-ஐத் தாண்டுகிறது என்றால் சீரியல் செட்டையும் மேடை விளக்கையும் ஜெனரேட்டரில் ஓட்டச் சொல்லிவிடலாம், டெக்கரேஷன்காரர்கள் எப்படியும் கொண்டு வருகிறார்கள். ஆபத்து என்னவென்றால், குறைத்த பிறகு தாண்டினால் அதுவும் அந்த மீட்டரில்தான் பதிவாகும், கூடுதல் லோடுக்கான கட்டணம் வரும். ஆகவே ஒரு வருடத்து உச்ச எண்கள் கையில் இல்லாமல் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். டீசல் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் 50 என்ற கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பது லாபமாகவே தெரிகிறது. 40-ஐ 35 ஆக்குவதற்கு அலைவதில் பெரிதாக ஒன்றும் இல்லை, 2022 வீதத்தில் சுற்றுக்கு 1,000 ரூபாய் மிச்சம். சோலார் வைத்தால் தீரும் என்கிறவர்களுக்கும் இங்கேயே பதில்: சோலார் யூனிட்டைக் குறைக்கும், ஒதுக்கி வைத்த கிலோவாட்டைக் குறைக்காது.

குஜராத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பருத்தி ஜின்னிங், சர்க்கரை போல வருடத்தில் சில மாதம் மட்டும் ஓடும் தொழில்களுக்குப் பருவ நுகர்வோர் என்றே தனி வகை உண்டு. ஸ்பெயினில் வீட்டுக்காரரே தனக்கு எத்தனை கிலோவாட் வேண்டும் என்று தேர்ந்துகொள்கிறார், அதைப் பொறுத்து நிலைக் கட்டணம். டோக்கியோவில் ஆம்பியர் கணக்கில் தேர்வு. மண்டபங்களும் மாமல்லபுரத்து விடுதிகளும் இப்படி ஒரு பருவ வகை வேண்டும் என்று கேட்பதற்கான இடம் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விசாரணை. 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் அது நடந்தது. அங்கே எடுபடுவது மாதவாரியான உச்சத் தேவை எண்கள். வருத்தம் தெரிவிக்கும் மனுக்கள் கட்டாக விழுகிற இடம் அது.

பீச் ஹவுஸ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை மிச்சம் இருக்கிறது. காலியாகக் கிடக்கும் வீட்டின் செலவை ஈடுகட்ட வார இறுதி வாடகைக்கு விடுவது இந்தக் கடற்கரை முழுக்க நடக்கிறது. வீட்டுக் கட்டண இணைப்பில் வணிகம் நடந்தால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-வது பிரிவு பாயும்: உரிய வகைக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு, எப்போதிலிருந்து என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஆய்வுக்கு முந்தைய 12 மாதத்துக்கு. மேல்முறையீடு செய்ய 30 நாள், அதற்கும் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். நீச்சல் குளப் பம்பை நிறுத்தி மிச்சம் பிடித்ததெல்லாம் இதில் ஒரே நாளில் போய்விடும். வாடகைக்கு விடுவது என்று முடிவு செய்தால் இணைப்பை வணிகத்துக்கு மாற்றிக்கொள்வதே கணக்குக்கு ஒத்துவரும்.

பூட்டிய கதவால் ரீடிங் எடுக்க முடியாமல் போவது தனிப் பிரச்சினை. உத்தேச பில் வந்து, பிறகு ஒரு சுற்றில் எல்லாம் சேர்ந்து விழும். இதற்கு மீட்டரை கேட்டுக்கு வெளியே தெரியும்படி வைப்பதைவிட எளிய வழி இல்லை. அது முடியாதவர்களுக்கு, 2020 டிசம்பர் 31-இல் மத்திய அரசு வெளியிட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளில் ஒரு வழி இருக்கிறது: அடுத்தடுத்து இரண்டு முறை ரீடிங் எடுக்க முடியாமல் போனால், மீட்டர் எண்ணும் தேதியும் தெரியும் படத்தைப் பதிவு செய்த செல்போனிலிருந்தோ மின்னஞ்சலிலோ நுகர்வோரே அனுப்பலாம். வாட்ச்மேனிடம் மாதம் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டால் இதற்கும் உதவும், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதும் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் படங்கள் இல்லாமல் மின்னகத்துக்கு 94987 94987-இல் பேசினாலும், செங்கல்பட்டு வட்டத்துக் குறைதீர் மன்றத்துக்குப் போனாலும், "பூட்டித்தான் இருந்தது" என்ற ஒற்றை வாக்கியத்தோடு நிற்க வேண்டியிருக்கும். எதிரில் இருப்பவர் கையில் மீட்டர் எண் இருக்கும்.